களப்பலியும் கல்யாணமும்: கூவாகத்து அரவானும் கிரேக்கத்து இபிஜீனியாவும்

வியாச பாரதத்தில் அரவானுக்குக் களப்பலி கிடையாது. அருச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்த அவன், அங்கே இரவான் என்ற பெயரில், எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்னும் அரக்கன் கையால் மாள்கிறான். வீட்டும பருவத்தில் அத்தோடு அவன் கதை முடிகிறது. அந்தச் சிறுபாத்திரம் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில் கூத்தாண்டவராக வீற்றிருக்கிறது. சித்திரை மாதம் 18 நாள் திருவிழா நடக்கிறது. இந்தியாவெங்கும் இருந்து திருநங்கைகள் வந்து கூடுகிறார்கள். இந்த வளர்ச்சியின் படிகளைத் தேடும்போது, பண்டைக் கிரேக்கரின் தொன்மம் ஒன்று நமக்குப் பெரிதும் கைகொடுக்கிறது.

களப்பலியை முதலில் சொல்லும் தமிழ்நூல், நமக்குக் கிடைத்தவற்றுள், பெருந்தேவனாரின் பாரத வெண்பா. தெள்ளாறெறிந்த நந்திவர்மன் காலத்தது, அதாவது 9ஆம் நூற்றாண்டு. போருக்குமுன் காளிக்குப் பலியாகக் குறையற்ற வீரன் ஒருவன் வேண்டும். அரவான் தானே முன்வருகிறான். இது எங்கிருந்து வந்தது? விடையை மாமல்லபுரத்துத் திரௌபதி ரதத்திலேயே காணலாம். கருவறையில் கொற்றவை நிற்க, காலடியில் ஒருவன் தன் குடுமியைப் பற்றிக்கொண்டு கழுத்தை அரியக் கத்தியை ஓங்கியிருக்கிறான். 7ஆம் நூற்றாண்டுச் சிற்பம் அது. தலைப்பலி கொடுக்கும் மறவர் வழக்கம் இந்த மண்ணில் முன்பே வேரூன்றியிருந்தது. பாரதக் கதை இங்கு வந்தபோது அதைத் தனக்குள் வாங்கிக்கொண்டது என்பதே என் கருத்து. பின்னர் வில்லிபுத்தூராரும் களப்பலியைப் பாடினார்.

கிரேக்கத்திலும் இப்படித்தான் நடந்தது. டிராய்ப் போருக்குப் புறப்பட்ட கப்பல்கள் அவுலிஸ் துறையில் காற்றின்றி நிற்க, ஆர்ட்டெமிஸ் தேவியின் சினம் தணிய அகமெம்னான் தன் மகள் இபிஜீனியாவைப் பலியிட்டான் என்பது உலகறிந்த கதை. ஆனால் ஹோமரின் இலியட்டில் இந்தப் பலி பற்றிய பேச்சே இல்லை. பின்வந்த காவிய மரபில், தேவி ஒரு மானைப் பலியாக வைத்துப் பெண்ணைக் கவர்ந்து சென்றாள். கி.மு. 458இல் ஈஸ்கிலஸ் மேடையேற்றிய அகமெம்னான் நாடகத்தில், அவள் வாயைக் கட்டி, ஆட்டுக்குட்டிபோலப் பலிபீடத்துக்குத் தூக்குகிறார்கள். யூரிப்பிடிஸ் கடைசிக் காலத்தில் எழுதிய நாடகத்திலோ அவளே நாட்டுக்காக உயிரைத் தருகிறேன் என்கிறாள். மூலக் காவியம் சொல்லாததைப் பின்வந்த கவிகள் சொல்ல, பலியும் மெல்ல மெல்ல விருப்பப் பலியாக மாறியது.

இரு மரபுகளும் பலியைத் திருமணத்தோடு முடிச்சுப் போட்ட விதத்தில்தான் விஷயம் ஆழமாகிறது. மாவீரன் அக்கிலீசுக்கு உன்னை மணமுடிக்கப் போகிறோம் என்று பொய் சொல்லித்தான் இபிஜீனியாவை அவுலிஸுக்கு வரவழைத்தார்கள். யூரிப்பிடிஸின் மற்றொரு நாடகத்தில், தீப்ஸ் நகரைக் காக்க கிரேயோனின் மகன் ஒருவன் சாக வேண்டும் என்கிறான் குறிசொல்லி டைரேசியஸ். மூத்தவன் ஹேமானுக்கு மணம் பேசியாகிவிட்டது, அவன் ஆகமாட்டான். மணமாகாத மெனோசியஸ்தான் வேண்டும். கிரேக்கத்தில் மணமாகாமையே பலிக்குத் தகுதி.

தமிழ் வாய்மொழி மரபு இதை நேர் எதிராகத் திருப்பிவிட்டது. மணமாகாதவனைப் புதைப்பார்கள், தகனமும் கருமாதியும் மணமானவனுக்கே. ஆகவே சாகுமுன் எனக்குக் கல்யாணம் வேண்டும் என்று அரவான் வரம் கேட்கிறான். மறுநாள் சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்? கண்ணனே மோகினியாகி அவனை மணந்து, ஓரிரவு கூடி, விடிந்ததும் கைம்பெண்ணாகி அழுகிறான். ஏட்டுப் பாரதங்களில் இல்லாத இந்த மணவரத்தைத் தெருக்கூத்தும் கோயிலும்தான் வளர்த்தன. திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்து 1988லும் 1991லும் இரு தொகுதிகள் வெளியிட்ட ஆல்ஃப் ஹில்டபெய்டல், வடதமிழகக் கூத்துக்கும் கோயிற்சடங்குக்கும் உள்ள உறவை விரிவாகவே காட்டியிருக்கிறார்.

கூவாகத்தில் அந்த வரம் ஆண்டுதோறும் நிறைவேறுகிறது. பட்டுடுத்தி, பூ முடித்து வரும் திருநங்கைகளுக்குப் பூசாரி தாலி கட்டுகிறார். நேர்ந்துகொண்ட ஊர் ஆண்களும் கட்டிக்கொள்கிறார்கள். இரவெல்லாம் ஆட்டமும் பாட்டும் கும்மியும். மறுநாள் அரவானின் தேர் அழுகளம் சேர்ந்ததும் நிலைமை தலைகீழாகிறது: வளையல்கள் உடைகின்றன, பூ உதிர்கிறது, பூசாரி தாலியை அறுக்கிறார், மாரடித்து ஒப்பாரி எழுகிறது. குளித்து வெள்ளைச் சேலை உடுத்தி ஊர் திரும்புகிறார்கள். ஏதென்ஸ் பெண்கள் கூரைமேல் ஏறி அடோனிசுக்காக அழுத விழாவை நான் இதன் அருகில் வைப்பேன். அங்கு அழுதவர்கள் ஒரு தேவியின் காதலனுக்காக அழுதார்கள். இங்கு அழுபவர் ஒவ்வொருவரும் அவன் மனைவி. குடும்பமும் ஊரும் மணவாழ்வை மறுத்தவர்களுக்கு ஒரு தெய்வம் அதை முழு உரிமையோடு கொடுத்தது. தமிழ்ச் சமய வரலாற்றில் இதற்கு ஈடான நிகழ்வைக் காண்பது அரிது.

இபிஜீனியாவுக்கும் வழிபாடு இருந்தது. ஏதென்ஸுக்குக் கிழக்கே பிரௌரானில், பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்களின் ஆடைகளை அவளுக்குக் காணிக்கை வைத்ததாக யூரிப்பிடிஸ் குறிப்பிடுகிறார். சிறுமியர் அங்கே ஆர்ட்டெமிசுக்காகக் கரடி வேடச் சடங்கு செய்தனர். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அந்தத் தலம் வெள்ளத்தால் கைவிடப்பட்டது. 1948இல் தொடங்கிய அகழாய்வு சிலைகளையும் கல்வெட்டுகளையும் மீட்டது. சிறுமியர் பாடிய பாட்டை மீட்க வழியில்லை.

கூவாகத்தில் பாட்டு இன்னும் இருக்கிறது. அதை அழகிப் போட்டிச் செய்தியாகவும் புகைப்படமாகவும் மட்டும் பார்த்தது போதும். அழுகளத்து ஒப்பாரியையும், அரவான் களப்பலிக் கூத்துப் பிரதிகளையும், பூசாரிகளும் மூத்த திருநங்கைகளும் சொல்லும் கதை வேறுபாடுகளையும், அவர்கள் ஒப்புதலோடு, தமிழ்த்துறைகள் இந்தத் தலைமுறையிலேயே பதிவுசெய்ய வேண்டும்.