இஞ்ச ஸ்நோ கொட்டுது

2009 பிப்ரவரி 2, திங்கட்கிழமை இரவு. கும்மிடிப்பூண்டி முகாமில் எங்கள் வீட்டு வாசலில் அம்மா கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். லண்டனிலிருந்து பெரியம்மா. "இஞ்ச ஸ்நோ கொட்டிக்கொண்டிருக்கு. பஸ் ஒண்டும் ஓடேல்லை" என்றார். "கவனம் அக்கா, வெளியில போகாதேங்கோ" என்றார் அம்மா. எவ்வளவு உயரம் கிடக்கிறது, கதவைத் திறக்க முடிகிறதா, ஹீட்டர் வேலை செய்கிறதா என்று பத்து நிமிடமும் பனியைப் பற்றியே பேச்சு. நான் அப்போது பத்தாம் வகுப்பு. பேசி முடித்த பிறகு அம்மா முறத்தை மடியில் வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பத்து நிமிடத்தில் இருவரும் பேசாமல் விட்டது என்ன என்பது எனக்கும் தெரியும். ஜனவரி 2ஆம் தேதி கிளிநொச்சி வீழ்ந்திருந்தது. அவர்களுடைய தம்பி வன்னிக்குள் இருந்தார். மூன்று வாரமாகத் தகவல் இல்லை. ஜனவரி 31 அன்று லண்டனில் பல்லாயிரம் தமிழர்கள் போரை நிறுத்தக் கோரி ஊர்வலம் போனார்கள். பெரியம்மாவும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தக் குளிரில் நடந்தார். மறுநாள் மாலை பனி விழத் தொடங்கியது. அதையும் அவர் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. மாமா பிறகு வரவேயில்லை.

லண்டனில் 18 ஆண்டுகளில் இல்லாத பனி என்று அன்று செய்திகள் கூறின. அம்மாவும் பெரியம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தும் அப்போது 18 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அஞ்சல் வழியில் வரலாறு படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தத் தொலைபேசிப் பேச்சுக்குத் திரும்பிப் போனேன். வானிலைப் பேச்சை நாம் வெறும் பேச்சு என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆங்கிலேயர்கள் பேச விஷயம் இல்லாதபோது வானிலையைப் பேசுவார்கள் என்பார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள், பேச முடியாத விஷயம் இருக்கும்போது வானிலையைப் பேசினார்கள். 'குளிர்', 'ஸ்நோ' என்று அவர்கள் சொன்ன இடங்களில் உழைப்பும் உடலும் பணமும் துக்கமும் ஒளிந்திருக்கின்றன. அந்தச் சொற்களைப் பிரித்துப் படித்தால் ஒரு வரலாறு கிடைக்கும் என்று நினைத்தேன்.

தமிழில் பனி என்ற ஒரே சொல்லுக்குள் மார்கழி விடியலின் ஈரமும் வானத்திலிருந்து விழும் வெண்துகளும் அடங்கிவிடுகின்றன. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று நாம் சொல்லும் பனி, கும்மிடிப்பூண்டியில் சிப்காட் புகையோடு கலந்து ஜிஎன்டி சாலையின் மேல் தொங்கும். வெயில் ஏறியதும் போய்விடும். அதனால்தானோ என்னவோ, லண்டன் பனிக்கு இலங்கைத் தமிழர் 'ஸ்நோ' என்ற சொல்லையே வைத்துக்கொண்டார்கள்.

அம்மா 1990இல் போர் மீண்டும் மூண்டபோது திருகோணமலையிலிருந்து கிளம்பி, மன்னார்க் கரையில் படகேறி, மண்டபம் வழியாக இங்கே வந்து சேர்ந்தார். பெரியம்மா 1991 ஜனவரியில் கணவரிடம் லண்டன் போனார். போன மூன்றாவது வாரத்தில், பிப்ரவரி தொடக்கத்தில், பெரும் பனி. ரயில்கள் நின்றன. இது 'வேறு வகைப் பனி', பொடிப்பொடியாக இருப்பதால் எஞ்சினுக்குள் புகுந்துவிடுகிறது என்று ரயில்வே விளக்கம் சொன்னது. 'தவறான வகைப் பனி' என்று பத்திரிகைகள் கேலி செய்தன. முப்பது ஆண்டுக்கு மேலாகியும் பிரிட்டனில் சாக்குப்போக்குக்கு மறுபெயராக அந்தச் சொற்றொடர் வழங்குகிறது.

2012 டிசம்பரில் பெரியம்மா முதன்முறையாக எங்களைப் பார்க்க வந்தபோது அந்த முதல் பனியைப் பற்றிக் கேட்டேன். முதலில் பெரியப்பா முந்திக்கொண்டார். அவருடைய குளிர்க் கதை 1987 பிப்ரவரி. புகலிடம் கேட்டு வந்த தமிழர்களைத் திருப்பி அனுப்ப முயன்றபோது, ஹீத்ரோ விமான நிலையத்தில் அவர்கள் உடைகளைக் களைந்து போராடினார்கள். அதன் பிறகு, உரிய ஆவணமில்லாத ஒவ்வொரு பயணிக்கும் விமான நிறுவனம் 1,000 பவுண்டு அபராதம் கட்ட வேண்டும் என்று அதே ஆண்டில் சட்டம் வந்தது. முக்கியமான வரலாறுதான். ஆனால் அது பத்திரிகையில் இருக்கிறது.

பெரியம்மாவின் கதை எங்கும் இல்லை. அவர் பனியின் அழகைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "கையுறை இல்லை" என்று தொடங்கினார். இரவல் கோட்டு, சேலைக்கு உள்ளே பெரியப்பாவின் காற்சட்டை, காலில் கொழும்பில் வாங்கிய செருப்பு. விடியற்காலை நாலரைக்கு வெம்பிளியில் பஸ்ஸுக்கு நின்று அலுவலகக் கட்டடம் ஒன்றைக் கூட்டித் துடைக்கும் வேலை. அங்கே வேலை செய்கிறவர்கள் வருவதற்குள் முடித்துவிட்டு வெளியேற வேண்டும். டிசம்பரில் லண்டனில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. இருட்டில் போய், மாலையில் இன்னொரு வேலைக்கு இருட்டில் போய், இருட்டில் திரும்பியவர் அவர். வீட்டில் முன்பணம் கட்டினால்தான் எரிவாயு ஓடும் மீட்டர். பிள்ளை பிறந்த பிறகு அதன் அறையில் மட்டும் ஹீட்டர். துவைத்த துணி வீட்டுக்குள்ளேயே காயும், சுவரில் பூஞ்சை பிடிக்கும், பிள்ளைக்கு இருமல் வரும். குளிர்காலம் அவருக்கு ஒரு கணக்கு: இன்று எவ்வளவு மணி நேரம் சூடு, நாளைக்கு எவ்வளவு மிச்சம்.

பெரியம்மா அந்தக் கணக்கைப் போட்ட முதல் பெண் அல்ல. நூறாண்டுக்கு முன்பே இந்தியாவிலிருந்து ஆயாக்கள் அங்கே போயிருக்கிறார்கள். கப்பலில் துரைமாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அழைத்துச் செல்லப்பட்டவர்கள். போய்ச் சேர்ந்ததும் வேலை முடிந்தது என்று கைவிடப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. ஊர் திரும்ப இன்னொரு குடும்பத்தின் பயணத்துக்காகக் காத்திருந்த அவர்கள் தங்க, லண்டன் ஹாக்னியில் 1900 முதல் 'ஆயாக்கள் இல்லம்' இருந்தது. பெயர்கள் பெரும்பாலும் முதலாளியின் பெயரை ஒட்டியே பதிவாயின. 2022இல்தான் அந்தக் கட்டடத்தில் நீலப் பலகை வைத்தார்கள். அந்தப் பெண்கள் கணப்படுப்பைச் சுற்றி எதைப் பேசினார்கள் என்பது பதிவேட்டில் ஏறவில்லை.

வெம்பிளிக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் வில்ஸ்டன். அங்கே கிரன்விக் என்ற புகைப்பட நிறுவனத்தில் 1976 ஆகஸ்டில், பிரிட்டன் வெயிலில் வதங்கிய கோடையில், ஜெயாபென் தேசாய் வேலையை உதறி வெளியே வந்தார். குஜராத்தில் பிறந்து, கிழக்கு ஆப்பிரிக்கா வழியாக லண்டன் வந்தவர், ஐந்தடிக்கும் குறைவான உயரம். கட்டாயக் கூடுதல் நேர வேலை, கழிப்பறைக்குப் போகவும் கையுயர்த்தி அனுமதி கேட்க வேண்டிய அவமானம், இவற்றுக்கு எதிராகத் தொழிற்சங்க உரிமை கேட்டுத் தொடங்கிய போராட்டம் 1978 ஜூலை வரை நடந்தது. 'சேலை கட்டிய வேலைநிறுத்தக்காரர்கள்' என்று பத்திரிகைகள் வியந்தன. வெயிலில் தொடங்கிய போராட்டம் இரண்டு முழுக் குளிர்காலங்களை வாயிலில் நின்று கடந்தது. 1977 நவம்பரில், கைவிட்ட தொழிற்சங்கத் தலைமையின் வாசலில் ஜெயாபெனும் தோழர்களும் உண்ணாவிரதம் இருந்தார்கள். போராட்டம் தோற்றது. ஆனால் ஆசியப் பெண்கள் அடங்கிப் போகிறவர்கள் என்ற எண்ணம் அந்த வாயிலிலேயே உடைந்தது. சேலைக்கு மேல் கோட்டு மாட்டிய ஜெயாபெனின் படத்தைப் பெரியம்மாவிடம் காட்டினேன். "இப்பிடித்தான் நானும் போட்டனான்" என்றார். பெயரைக் கேட்டதில்லையாம்.

2018 மார்ச் முதல் வாரத்தில், சைபீரியக் காற்றோடு வந்த குளிரை அங்குள்ள பத்திரிகைகள் 'கிழக்கிலிருந்து வந்த மிருகம்' என்று அழைத்துக்கொண்டிருந்தபோது, பெரியம்மா வேலைக்குப் போகும் வழியில் உறைந்த நடைபாதையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. விட்டமின் டி மிகக் குறைவு என்றார்கள் மருத்துவர்கள்.

எலும்பிலும் வரலாறு இருக்கிறது. பிரிட்டனில் அக்டோபர் முதல் மார்ச் வரை, தோலில் விட்டமின் டி உருவாகும் அளவுக்கு வெயில் இல்லை. கருத்த தோலுக்கு இன்னும் கூடுதலான வெயில் வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தன் மக்களின் எலும்பைக் காக்க அரசு மார்ஜரினில் விட்டமின் டி சேர்க்கச் சட்டம் போட்டது. ஆசியக் குழந்தைகளிடம் ரிக்கட்ஸ் என்ற எலும்பு நோய் தெரிந்தபோது சப்பாத்தி மாவில் அதைச் சேர்க்கலாம் என்ற யோசனை ஏற்கப்படவில்லை. 1981இல் தொடங்கிய 'ரிக்கட்ஸை நிறுத்து' இயக்கம், உணவை மாற்று, பிள்ளையை வெயிலில் விடு என்று தாய்மாரிடம் போனது. ஒரு கூட்டத்துக்கு மார்ஜரினில் தீர்வு, இன்னொரு கூட்டத்துக்கு அம்மாவின் மேல் பழி. இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்பும் பெண்ணிடம் வெயிலில் நில் என்று சொல்ல எவ்வளவு எளிது!

அறுவை சிகிச்சை நடந்த நாட்களில் அம்மா முகாம் வாசலுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார். அவரிடம் பாஸ்போர்ட் இல்லை. என்னிடமும் இல்லை. இதே மண்ணில் பிறந்திருந்தும், 1987 ஜூலைக்குப் பின் பிறந்தவள் என்பதால், பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருந்தால்தான் நான் இந்தியக் குடிமகள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் நாங்கள் இல்லை. 2021இல் அகதிகள் முகாம் என்பது மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறியது. பெரியம்மா எங்கள் வெயிலைப் பார்த்திருக்கிறார். அம்மா அவருடைய குளிரைப் பார்த்ததில்லை.

அம்மாவுக்கும் ஒரு வானிலை வரலாறு உண்டு. அவர் பல ஆண்டுகள் ஒப்பந்தக்காரர் மூலம் சிப்காட்டில் இரும்புத் துண்டு பிரிக்கும் வேலைக்குப் போனவர். மார்கழியில் ஐந்து மணிக்குத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சாலையோரம் வேனுக்கு நிற்பார். மே மாதம் உலையின் அனல் ஒரு பக்கம், தகரக் கூரையின் அனல் ஒரு பக்கம். பெரியம்மா போனில் "நீ எப்பிடி?" என்று கேட்டால், "இஞ்ச சரியான வெக்கை" என்பார். அவ்வளவுதான். கழிப்பறை வெகுதூரம் என்பதால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை என்பதை அக்காவிடம் சொல்ல மாட்டார். சூடும் குளிரும் இரண்டு நாடுகளில் இருந்தன. சொல்லாமல் விடும் பழக்கம் ஒன்றேதான்.

இப்போது ஜனவரி, பிப்ரவரியில் பெரியம்மா பேசும்போது நான் நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் உட்காருகிறேன். அவர் "இஞ்ச ஸ்நோ" என்று தொடங்கியதும் அடுத்த கேள்வியைக் கேட்கிறேன். எத்தனை மணிக்கு வெளிக்கிட்டனீங்கள்? ஆர் கூட வந்தது? மீற்றரில எவ்வளவு கிடக்கு? முதலில் சிரித்தார். போன மாதம் அவராகவே, "எழுது பிள்ளை, இண்டைக்கு ஹீட்டர் போடேல்லை" என்றார்.

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஏனக்கா?" என்று கேட்டார்.