விச் ஹேசல் போத்தலுக்குள் இருப்பது என்ன?

நெற்றி, மூக்கு, நாடி மூன்றிலும் எண்ணெய் வழியும். கன்னம் மட்டும் குளிரில் காய்ந்து உரியும். இதுதான் கலப்புச் சருமம். எனக்கும் அதுவே. இதற்கு இயற்கையான டோனர் தேடினால் இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்: பன்னீர், விச் ஹேசல். பன்னீரை எங்கள் கலியாண வீடுகளில் தெளிப்பார்கள், அதனால் தெரியும். மற்றது எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்குச் சொந்தமான புதர்ச்செடி அது. நாங்கள் வாழும் தெற்கு ஒன்ராறியோக் காடுகளிலும் வளர்கிறது. இலையுதிர் காலத்தில் மஞ்சள் நாடா போன்ற இதழ்களோடு பூக்கும். இந்த மண்ணின் பூர்வகுடிகள் அதன் பட்டையையும் சுள்ளிகளையும் அவித்து, வீக்கத்துக்கும் காயத்துக்கும் பூசினார்கள்.

அது வேலை செய்ததற்குக் காரணம் பட்டையிலுள்ள டானின். சாயம் கூடின பிளேன்ரீ குடித்தால் நாக்கு இறுகுகிறதே, அதே பொருள்தான். அந்தச் சுவைக்குத் தமிழில் துவர்ப்பு என்று பெயர். தோலிலும் அது அப்படித்தான் இறுக்கும்.

1846-இல் நியூயோர்க் மாநிலத்தின் யூற்றிக்கா நகரில் தெரொன் பாண்ட் என்ற மருந்தாளர் இந்தச் செடியின் சாற்றை மருந்தாக விற்கத் தொடங்கினார். அங்கு வாழ்ந்த ஒனைடா மக்களிடமிருந்தே அதைக் கற்றார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. ஆம், அம்மம்மாவின் அலுமாரியில் இருக்கும் பாண்ட்ஸ் பவுடரின் பெயர் அவருடையதுதான். கற்றுக்கொடுத்தவர்களின் பெயர் போத்தலில் ஏறவில்லை. ஒனைடா மக்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒரு பகுதியினர் ஒன்ராறியோவின் லண்டன் நகருக்கு அருகில் வாழ்கிறார்கள்.

பெயரோடு இன்னொன்றும் விடுபட்டுப் போனது. 19ஆம் நூற்றாண்டில் விச் ஹேசலை நீராவியில் வடித்து எடுக்கும் வடிசாலைகள் வந்தன. ரோஜாவை வடித்தால் வாசனை ஆவியோடு வந்துவிடும். பன்னீருக்கு அதுவே போதும். ஆனால் டானின் ஆவியோடு எழாது, பானையிலேயே தங்கிவிடும். வடித்த நீர் கெடாமல் இருக்க ஏறத்தாழ 14 சதவீதம் அல்கஹோல் சேர்ப்பது வழக்கமானது. ஆகவே இன்று பல போத்தல்களில் முகத்தை இறுக்குவது பெரும்பாலும் அந்த அல்கஹோல்தான். எண்ணெய் வழியும் மூக்கு அதைத் தாங்கலாம். காய்ந்த கன்னம் இன்னும் காயும்.

அதனால் நான் முன்பக்கத்து 'இயற்கை' என்ற சொல்லை விட்டு, பின்பக்கத்துப் பட்டியலை வாசிக்கிறேன். அல்கஹோல் சேர்க்காத விச் ஹேசலைப் பஞ்சில் நனைத்து நெற்றி, மூக்கு, நாடிக்கு மட்டும். கன்னத்துக்கு கிளிசரின் கலந்த பன்னீர். பன்னீர் என்றாலும், ரோஜாவை வடித்ததா அல்லது தண்ணீரில் வாசனை கலந்ததா என்று பார்க்க வேண்டும். எதுவானாலும் முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் கொஞ்சம் பூசி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். எரிந்தால் அல்லது சிவந்தால் முகத்துக்கு வேண்டாம்.

இந்த இலையுதிர் காலத்தில் காட்டுப் பாதையில் நடந்தால், இலை உதிர்ந்த கிளைகளில் மஞ்சள் பூக்களைத் தேடுங்கள். யாராவது என்ன செடி என்று கேட்டால், ஒனைடா மக்களின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.