நிச்சயம் மலையேறிய கதை

"நீங்க எப்ப இரட்சிக்கப்பட்டீங்க?"

கண்டிப் பக்கத்தில் ஜெபவீட்டுக்குப் போகிற தமிழ்க் குடும்பம் ஒன்றைப் பார்க்கப் போனால், தேத்தண்ணி ஆறுவதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். எந்த ஊர், எந்தத் தோட்டம் என்று கேட்ட வாய் அடுத்துக் கேட்பது இதைத்தான். வருஷம் மட்டும் சொன்னால் போதாது. மாதம், தேதி, யாருடைய கூட்டம் என்று விவரமாகச் சாட்சி சொல்கிறவருக்குத்தான் மதிப்பு. குழந்தையில் ஞானஸ்நானம் பெற்று, ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போய், இன்ன நாள் என்று சுட்டிக்காட்ட எதுவும் இல்லாதவர் திருதிருவென்று விழிப்பார்.

இது மலையகத்தில் முளைத்த கேள்வியன்று. இதன் பழைய வடிவம் ஒன்று 1736 பிப்ரவரியில், அமெரிக்காவின் ஜார்ஜியாவில், சவன்னா என்ற புதுக் குடியேற்றத்தில் கேட்கப்பட்டது. கேட்கப்பட்டவர் 32 வயது ஆங்கிலப் பாதிரியார் ஜான் வெஸ்லி. அங்கே போகும் வழியில் கப்பலைப் புயல் பிடித்தது. ஆங்கிலேயர்கள் அலறினார்கள்; கூடப் பயணம் செய்த மொராவியச் சபையைச் சேர்ந்த ஜெர்மானியர்களோ பாடிக்கொண்டிருந்த சங்கீதத்தை நிறுத்தவில்லை. சாவுக்குப் பயப்படாத அந்தச் சனங்கள் வெஸ்லியை உலுக்கிவிட்டார்கள். கரை இறங்கியதும் அவர்களுடைய தலைவர் ஸ்பாங்கன்பெர்க்கிடம் யோசனை கேட்கப் போனார். அவரோ கேள்வியைத் திருப்பிப் போட்டார்: உமக்கு இயேசுவைத் தெரியுமா? உலக இரட்சகர் என்று தெரியும் என்றார் வெஸ்லி. அது சரி, உம்மை இரட்சித்திருக்கிறார் என்று தெரியுமா என்றார் அவர். வெஸ்லி எதையோ சொல்லிச் சமாளித்தார். சொன்னது வெறும் வார்த்தைதான் என்று பயப்படுவதாகத் தன் நாட்குறிப்பில் எழுதியும் வைத்தார்.

இரண்டு வருஷம் கழித்து, 1738 மே 24 மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டம். ரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்கிறார்கள். ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது, தன் பாவம், தன்னுடைய பாவமே நீங்கிவிட்டது என்ற உறுதி வெஸ்லிக்குள் வந்தது. மெதடிஸ்ட் சபைகள் இன்றும் கொண்டாடும் நாள் அது. தேதி சொல்லிச் சாட்சி சொல்லும் வழக்கத்துக்கு இதைவிடப் பெயர்பெற்ற முன்மாதிரி கிடையாது.

வெஸ்லி லூத்தரைக் கேட்டு அந்த உறுதிக்கு வந்தார் என்றால், லூத்தர் தன் பயத்தின் வழியாக வந்தார். எர்ஃபுர்ட் மடத்தில் துறவியாக இருந்தபோது மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்வாராம். வெளியே வந்ததும் விட்டுப்போன பாவம் ஒன்று நினைவுக்கு வரும், திரும்ப ஓடுவாராம். எவ்வளவு செய்தாலும் போதுமா என்று தெரியாத தவிப்பு. அந்தத் தவிப்புக்குத்தான் அவர் பவுலிடம் பதில் தேடினார். இரட்சிப்பின் நிச்சயம் என்ற போதனை இப்படிப் பயந்தவர்களுக்கு மருந்தாகப் பிறந்தது. பிற்காலத்தில் பயப்படாதவர்கள் அதை எடுத்துப் பயந்தவர்களை அளக்கத் தொடங்கியது வேறு கதை.

கத்தோலிக்கத் திருச்சபை இதை ஏற்கவில்லை. திரெந்து சங்கம் 1547 ஜனவரி 13 அன்று வெளியிட்ட தீர்மானம், தான் அருளைப் பெற்றுவிட்டேன் என்று விசுவாசத்தின் பிசகாத உறுதியோடு ஒருவராலும் அறிய முடியாது என்றது. கடவுளின் இரக்கத்தைச் சந்தேகிக்காதே, உன் பலவீனத்தை மறக்காதே, நம்பிக்கையோடு நட. அந்த வழியின் சாரம் இது.

கண்டிக்கு முதலில் ஏறி வந்து வேரூன்றியது இந்தக் கத்தோலிக்க வழிதான். கோவாவின் ஜோசப் வாஸ் அடிகளார் 1692இல் கண்டி வந்தார். போர்த்துக்கீச உளவாளி என்று சந்தேகப்பட்டுச் சிறையில் போட்டார்கள். 1697இல் பெரியம்மை பரவி ஊர் காலியானபோது, கைவிடப்பட்ட நோயாளிகளைப் பராமரித்தார். 1711 ஜனவரி 16 அன்று கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார். தன் மீட்பைப் பற்றி முடிவான உறுதி எதையும் கோராமல் ஒரு மனிதன் எவ்வளவு அமைதியாக வாழ முடியும் என்பதற்கு அவர் சாட்சி. நிச்சயம் இல்லாதவன் நடுங்கிக்கொண்டே இருப்பான் என்று மேடையில் முழங்குகிறவர்கள் வாஸ் அடிகளாரின் வாழ்க்கையை ஒருமுறை படிக்கலாம்.

கரையோரத்தில் அப்போது டச்சுக்காரர் ஆட்சி. அவர்கள் கொண்டுவந்த சீர்திருத்தச் சபையின் ஹைடல்பெர்க் ஞானோபதேசம் வாழ்விலும் சாவிலும் விசுவாசிக்கு உள்ள ஆறுதலைப் பற்றிய கேள்வியோடுதான் ஆரம்பிக்கிறது. ஏட்டில் நிச்சயம் நிறைய இருந்தது. ஊர்ச்சனமோ ஞானஸ்நானப் பதிவை உத்தியோகத்துக்கும் சொத்துரிமைக்கும் உத்தரவாதமாகக் கண்டது. 1740ஐ ஒட்டி மொராவிய மிஷனரிகள் இருவர் இலங்கை வந்தார்கள். டச்சுப் பாதிரிமார் எதிர்த்ததில் நிலைக்க முடியாமல் திரும்பினார்கள். அந்த இருவரில் ஒருவர் பெயர் டேவிட் நிட்ஷ்மன். வெஸ்லியின் கப்பலில் இருந்த மொராவியப் பிஷப்பின் பெயரும் டேவிட் நிட்ஷ்மன்தான், ஆனால் ஆள் வேறு.

1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதற்கு முந்தின வருஷமே, 1814 ஜூன் 29 அன்று, வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்ட் இளைஞர்கள் காலியில் கரை இறங்கியிருந்தார்கள். தலைமை தாங்கிப் புறப்பட்ட தாமஸ் கோக் நடுக்கடலில் இறந்துபோனார். சர்ச் மிஷனரி சங்கத்தார் 1818இல் வந்தார்கள். அவர்களில் சாமுவேல் லாம்ப்ரிக் கண்டியில் பணியைத் தொடங்கினார். 1840களில் பாப்டிஸ்ட்களும் சேர்ந்தார்கள். 1844இல் கண்டி அரசு மத்தியப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் மர்டாக் சில வருஷத்தில் மனசாட்சியின் பேரில் அரசு வேலையை உதறிவிட்டு, கண்டியிலிருந்தே சமயத் துண்டுப் பிரசுரங்கள் போடத் தொடங்கினார். தமிழ் அச்சு நூல்களுக்கு 1865இல் பட்டியல் தயாரித்தாரே, அதே மர்டாக். சென்னையின் கிறிஸ்தவ இலக்கியச் சங்கத்துக்கு முன்னோடி. அந்த உழைப்பு கண்டித் தெருவில் தொடங்கியது என்பது தமிழ்நாட்டில் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

ஆனால் தோட்டத்துத் தமிழரிடம் யார் போனார்கள்?

1820களில் கம்பளை, பேராதனைப் பக்கம் தொடங்கிய காபி, 1840களுக்குள் கண்டியைச் சுற்றிய மலைகளை எல்லாம் பிடித்துக்கொண்டது. இராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து சனங்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, மாத்தளை என்று நடந்து வந்தார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். இவர்களுக்காக 1854இல் கண்டியை மையமாக வைத்து ஒரு மிஷன் தொடங்கப்பட்டது. தோட்டத் துரைமார் சிலர் பணம் தர முன்வந்தார்கள், சர்ச் மிஷனரி சங்கம் கண்காணிக்கப் பாதிரியாரைத் தந்தது. அதற்கு வைத்த பெயர் 'தமிழ்க் கூலி மிஷன்'. இன்று வாயில் வைக்கக் கூசும் பெயர். அன்று யாரும் கூசவில்லை. திருநெல்வேலியில் வேலைசெய்து தமிழ் கற்ற செப்டிமஸ் ஹாப்ஸ் மேற்பார்வைக்கு வந்தார்.

ஆனாலும் வேலையைச் செய்தவர்கள் உபதேசியார்கள். திருநெல்வேலிச் சபைகளிலிருந்து வந்த தமிழர்கள். தோட்டம் தோட்டமாக நடந்து, விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுக்கும் நேரத்திலும், மாலையில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் வாசலிலும் நின்று பேசினார்கள். கேட்டவர்களில் பெரும்பாலோர் சைவர்கள், மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். கேட்டுவிட்டு வேலைக்குப் போனவர்களே அதிகம். மிஷன் வளர்ந்தது மெதுவாகத்தான்.

துரைமார் எல்லோரும் ஆங்கிலிக்கர் இல்லை. ஸ்காட்லாந்துப் பிரஸ்பிட்டேரியர்களும் காசு போட்டார்கள். இது 1876இல் பெரிய சண்டைக்கு வழிவைத்தது. அந்த வருஷம் கொழும்புக்கு வந்த முப்பது வயதுப் பிஷப் ரெஜினால்ட் கோப்பிள்ஸ்டன், தோட்ட மிஷன் தன் அதிகாரத்துக்குள் வரவேண்டும் என்றார். சங்கத்தின் மிஷனரிகள் இணங்கவில்லை. அவர்களுடைய உரிமங்களை அவர் திரும்பப் பெற்றார். கடைசியில் வழக்கு இங்கிலாந்தின் பேராயர்கள் வரை போய்த் தீர்ந்தது. லயத்தில் இருந்தவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். அவர்களுடைய பிரச்சினை துண்டு.

காபியை இலைநோய் அழித்து, தேயிலை வந்த பிறகு கெட்டிப்பட்ட முறை அது. ஊரிலிருந்து புறப்படும்போதே முன்பணம், அது ஆள் சேர்த்துக் கூட்டிவந்த கங்காணி கணக்கில் கடன். இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதித் தரும் சீட்டுத்தான் துண்டு. அடுத்த தோட்டத்துத் துரை கடனைத் தீர்ப்பார். ஆட்கள் இடம் மாறுவார்கள், கடனும் கூடவே மாறும். சில சமயம் ஏறியும் இருக்கும். 1921இல் சட்டம் போட்டு ஒழிக்கும் வரை இந்தச் சீட்டின் பேரில் மனிதர்கள் கைமாறினார்கள். பவுல் கொலோசெயருக்கு எழுதும்போது, நமக்கு எதிராக இருந்த கடன்பத்திரத்தைக் கிறிஸ்து சிலுவையில் ஆணியடித்து இல்லாமலாக்கினார் என்கிறார். நகரத்து ஆலயத்தில் உட்கார்ந்து கேட்கிறவருக்கு அது ஓர் உருவகம். துண்டுக்குக் கீழே வாழ்ந்தவனுக்கு, கடன் இன்னொருவர் பேருக்கு மாறவில்லை, அடியோடு ரத்தானது என்ற செய்தி எப்படிக் கேட்டிருக்கும்? எந்த உபதேசியாராவது இப்படி விளக்கினாரோ இல்லையோ, விளக்காமலே புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சீட்டு போனது, காகிதத்தின் ஆட்சி போகவில்லை. 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது; மீதி 1,50,000 பேரின் கதி 1974 வரை தொங்கியது. கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகத்தில் பாஸ்போர்ட்டுக்கு வரிசையில் நின்ற தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. தன் பெயர் எந்த நாட்டுப் பதிவேட்டில் இருக்கிறது என்று தெரியாத சனத்திடம், ஜீவபுத்தகத்தில் உன் பெயர் எழுதியாயிற்று என்று யாராவது உறுதியாகச் சொன்னால் அது உள்ளே இறங்காமல் எப்படி இருக்கும்? தோட்டங்களில் ஜெபவீடுகள் பெருகியதற்கு வெளிநாட்டுப் பணம் ஒன்றையே காரணம் காட்டுகிறவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

சரி, தேதி கேட்கும் கண்டிப்பு எங்கிருந்து வந்தது? வெஸ்லியிடம் பழியைப் போட முடியாது. அவரே வயதாக ஆகத் தளர்ந்து கொடுத்தார். கடவுள் தன்னை ஏற்றுக்கொண்டார் என்ற உள்ளுணர்வு இல்லாவிட்டால் விசுவாசமே இல்லை என்ற எண்ணத்தைத் தான் கைவிட்டுப் பல வருஷமாகிறது என்று 1768இல் ஒரு கடிதத்தில் எழுதினார். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க எழுப்புதல் கூட்டங்களில்தான் அது இறுகியது. சார்லஸ் ஃபின்னி மனம் கலங்கியவர்களை முன்வரிசைப் பலகைக்கு அழைத்தார். பிரசங்கியார் டி. எல். மூடியின் கூட்டங்களில் தனியறையில் விசாரித்தார்கள். எழுந்து முன்னே போன நாள் கண்ணுக்குத் தெரியும் நாள், குறித்துவைக்க வசதியான நாள். கன்வென்ஷன் பந்தல் வழியாக அந்தப் பழக்கம் நம்மிடமும் வந்து சேர்ந்தது.

இந்தக் கண்டிப்புக்கு மாறான ஓர் இடமும் பக்கத்திலேயே உண்டு. கண்டியிலிருந்து கொழும்புச் சாலையில் போனால் பிலிமத்தலாவை வரும். அங்கே 1963இல் ஆங்கிலிக்கரும் மெதடிஸ்ட்களும் பாப்டிஸ்ட்களும் சேர்ந்து இலங்கை இறையியல் கல்லூரியை நிறுவினார்கள். போதகர் பயிற்சி சிங்களத்திலும் தமிழிலும் நடக்கிறது. பெற்ற இரட்சிப்பை இழக்க முடியும் என்று மெதடிஸ்ட் மரபு சொல்லும். முடியாது என்று பாப்டிஸ்ட்களில் பலர் சொல்வார்கள். ஆங்கிலிக்கர் இரண்டு பக்கமும் இருப்பார்கள். ஒரே வகுப்பில் உட்கார்ந்து படித்து, ஒரே சாப்பாட்டு அறையில் சாப்பிட்டு, அவரவர் சபைக்குத் திரும்புகிறார்கள். நிச்சயம் என்பதன் கணக்கு ஒத்துப்போகாமலே கிறிஸ்தவர்கள் ஒன்றாக இருக்க முடியும் என்பது அங்கே அன்றாட நடைமுறை. யோவானின் முதல் நிருபமும், நித்திய ஜீவன் உண்டென்று நீங்கள் அறியும்படி எழுதுகிறேன் என்று ஏற்கெனவே விசுவாசிக்கிறவர்களைப் பார்த்துத்தான் சொல்கிறது. வாசலில் நிறுத்திச் சோதிப்பதற்காக அது எழுதப்படவில்லை.

இந்தக் கதையில் ஹாப்ஸின் பெயர் இருக்கிறது, பிஷப்பின் பெயர் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து நடந்து வந்த உபதேசியார்களில் ஒருவரைக்கூட என்னால் இங்கே பெயர் சொல்லி எழுத முடியவில்லை. கண்டி, மாத்தளை, கம்பளைப் பக்கத்துப் பழைய ஆலயங்களில் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் கரையான் தின்னாமல் மிஞ்சியிருந்தால், பொறுப்பில் இருப்பவர்கள் தயவுசெய்து பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். கையெழுத்துப் போட்டவர்களில் அவர்கள் இருப்பார்கள்.