பழுது பார்க்கக் கூடாத பொருள்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு மரப்பெட்டி வாங்கினேன். கனமான மரம், பித்தளைக் கீல், மூடியின் நடுவே ஒரு பித்தளைத் தகடு. உள்ளே நைந்துபோன பச்சைத் துணி. துணிக்கடியில் மரம் ஒரு ரிவால்வரின் உருவத்தில் குடையப்பட்டிருக்கிறது. பக்கத்தில் மருந்துக் குடுவைக்கும் குண்டு வார்க்கும் அச்சுக்கும் தனித்தனிப் பள்ளங்கள். ரிவால்வர் மட்டும் இல்லை. 'நகைப்பெட்டி சார்' என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றார்.

மருந்தையும் குண்டையும் தனித்தனியாக அடைத்துச் சுட்ட காலத்துப் பெட்டி இது. 1850களில் லண்டனில் கோல்ட், ஆடம்ஸ் ரிவால்வர்கள் இப்படிப் பெட்டியோடு விற்கப்பட்டன. கைத்துப்பாக்கியைச் சொந்தச் செலவில் வாங்கிக்கொள்வது அன்றைய பிரிட்டிஷ் அதிகாரிகளின் வழக்கம். பரங்கிமலையும் பல்லாவரமும் கண்டோன்மெண்டுகளாக இருந்தவை. அங்கிருந்து பம்மலுக்கு ஷேர் ஆட்டோவில் பத்து நிமிஷம். பெட்டிக்கு நூற்றைம்பது வருஷம் ஆகியிருக்கலாம்.

தெருமுனை ஆசாரியண்ணனிடம் காட்டினேன். உப்புத்தாள் போட்டு இழைத்து, அரக்குப் பாலிஷ் ஏற்றி, தகட்டைப் புளி போட்டுத் தேய்த்தால் 'புதுசாட்டம் ஆயிடும் தம்பி' என்றார். தகட்டைச் சாய்த்துப் பார்த்தபோதுதான் புரிந்தது, அந்தப் புளி ஏற்கெனவே தன் வேலையை முடித்திருக்கிறது. யாருக்கு, யார், எதற்காக அளித்தது என்று அதில் பொறித்திருக்க வேண்டும். பல தலைமுறைக் கைகள் தேய்த்துத் தேய்த்து எழுத்துகள் வெறும் வருடலாக மிஞ்சியிருக்கின்றன. பளபளப்பு வந்த அளவுக்கு வரலாறு போயிருக்கிறது. உப்புத்தாளை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். கீலை மட்டும் சரிசெய்தோம்.

உள்ளே ரிவால்வரும் இருந்திருந்தால்? அமெரிக்காவில் பழைய ரிவால்வரை வீட்டில் வைத்துப் பழுது பார்ப்பது ஒரு பொழுதுபோக்கு. இங்கே 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 45ஆம் பிரிவில், வழக்கொழிந்த, தொன்மை மதிப்புள்ள அல்லது சிதைந்த ஆயுதத்துக்கு விலக்குத் தருகிறது. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது சுட முடியாததாக இருக்க வேண்டும். பழுது பார்ப்பதற்கே 5ஆம் பிரிவு உரிமம் கேட்கிறது. அதாவது செத்த துப்பாக்கி செத்ததாகவே இருக்கும்வரை அது வரலாறு. உயிர் வரக்கூடுமென்றால் அது குற்றம். துப்பாக்கி கையில் இருக்க வேண்டுமென்று வாதாட நான் வரவில்லை. யார் கையில் இருந்தது, யார் கையிலிருந்து பிடுங்கப்பட்டது என்பதுதான் என் கேள்வி.

1799 அக்டோபர் 16இல் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள். அதே டிசம்பரில் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. தஞ்சை மராத்திய அரசு 1855இல் முடிவுக்கு வந்தபின் அரண்மனை ஆயுதங்களில் ஏராளமானவை உடைக்கப்பட்டுப் பழைய உலோகமாகப் போயின. தப்பியவற்றில் ஒரு பகுதியை எழும்பூர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கிறோம். அங்கே அவை 'கலைப்பொருட்கள்'. பறிமுதல் என்ற சொல் கண்ணாடியில் ஒட்டப்படுவதில்லை.

1878இல் வைஸ்ராய் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் இதை இந்தியா முழுமைக்குமான அமைப்பாக்கியது. இந்தியர் உரிமம் பெற வேண்டும். ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ-இந்தியருக்கும் தேவையில்லை. தோல் நிறம்தான் உரிமம். இந்திய மொழிப் பத்திரிகைகளை நசுக்கும் சட்டமும் அதே ஆண்டில், அதே லிட்டன் கையால் வந்தது தற்செயல் அல்ல. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் ஆயுதச் சட்டத்தைத் தளர்த்தக் கோரித் தீர்மானம் போட்டது. அதன் அடிநாதம் சமத்துவம் அல்ல, விசுவாசம்: நாங்கள் நம்பத்தகுந்த பிரஜைகள், எங்களை நம்புங்கள் என்பது. இனவாரி விலக்கு முதல் உலகப் போருக்குப் பிறகுதான் அகன்றது.

நமது தேசியக் கதையாடல் இந்த இடத்தில் மணியாச்சிக்குத் தாவிவிடும். 1911 ஜூன் 17, வாஞ்சிநாதன், ஆஷ், பெல்ஜியத் தயாரிப்பான பிரௌனிங் கைத்துப்பாக்கி. சட்டத்தை மீறி வந்த துப்பாக்கிதான். ஆனால் வாஞ்சியிடம் இருந்த கடிதம் சனாதன தர்மம் அழிக்கப்படுவதைப் பற்றியும் பேசியது. அந்நிய ஆட்சியை நோக்கி நீண்ட குழல் சேரியின் பக்கம் நின்றது என்று சொல்லிவிட முடியாது. பித்தளைத் தகட்டைப் போலவே இந்தக் கடிதத்தையும் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருக்கிறோம்.

1959ஆம் ஆண்டின் சட்டம் நிறத்தைக் கேட்பதில்லை. உரிமம் தரும் அதிகாரியின் மேசையில் நிலம், செல்வாக்கு, சாதி ஆகியவை கேட்காமலே பதில் சொல்லிவிடும். இதை அரசே மறைமுகமாக ஒப்புக்கொண்ட இடம் ஒன்று உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995. அதன் 3ஆம் விதி, வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளில் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதோரின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்யச் சொல்கிறது. சட்டவிரோதத் துப்பாக்கிகளைக் கைப்பற்றச் சொல்கிறது. தேவையென்று கருதினால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிமம் வழங்கச் சொல்கிறது. 1801 முதல் ஆயுதத்தைப் பிடுங்குவதே அரசின் மொழியாக இருந்துவந்திருக்கிறது. அந்த மொழி ஆதிக்க சாதியை நோக்கித் திரும்பும் அபூர்வமான வாக்கியம் இது.

அந்த வாக்கியம் எத்தனை கலெக்டர் அலுவலகங்களில் கோப்பாக மாறியது? இந்த விதியின்கீழ் எத்தனை உரிமங்கள் ரத்தாயின, எத்தனை வழங்கப்பட்டன? 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மாவட்டவாரியாக எழுதிக் கேட்கலாம். எல்லா உரிமங்களும் ஒழிந்து எவர் கையிலும் துப்பாக்கி இல்லாத ஊரைத்தான் நானும் விரும்புகிறேன். ஆனால் அந்தக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது என்பதை 3ஆம் விதி வரிசைப்படுத்தியே வைத்திருக்கிறது.

பெட்டி என் மேசைமேல் இருக்கிறது. வருகிற நண்பர்கள் 'இந்தப் பள்ளத்தை மூடிடலாமே, பேனா போட்டு வைக்கலாமே' என்கிறார்கள். வேண்டாம். இல்லாத பொருளின் வடிவத்தைத் துல்லியமாகக் காட்டுகிற ஆவணம் நம்மிடம் அதிகம் இல்லை.