பழைய தடை உத்தரவு

கல்லூரியில் எங்களுக்கு இங்கிலீஷ் பாடம் நடத்திய ஆசிரியர் ஒருவர், ஒரு பொருளைச் சொல்லி அதற்கு எத்தனை சொற்கள் தெரியும் என்று கேட்பார். ஒரு நாள் 'தடுத்தல்' என்று சொன்னார். டிலே, ஹிண்டர், இம்பீட், டிடெய்ன், ரிஸ்ட்ரெயின், ப்ரிவென்ட் என்று கரும்பலகை நிறைந்துவிட்டது. "சரி, இவற்றுக்குத் தமிழ் சொல்லுங்கள் பார்ப்போம்" என்றார். 'தாமதம்' என்று தொடங்கியவர்கள், பிறகு 'தடு', 'தடு' என்றே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தோம். வகுப்பு சிரித்தது. நம் மொழிக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் வறுமைதான் போலும் என்று நானும் எண்ணிக்கொண்டேன்.

அப்படி எண்ணியது பிசகு என்பதைத் திருநாவலூருக்குப் போனபோதுதான் உணர்ந்தேன்.

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலையை விட்டுச் சற்று விலகியிருக்கும் ஊர் அது. 2019-இல் பிரிந்த கள்ளக்குறிச்சி ஜில்லாவில் இன்று சேர்ந்திருக்கிறது. பழைய பெயர் திருமுனைப்பாடி நாடு. பராந்தக சோழனின் மகன் இராசாதித்தன், வடக்கேயிருந்து வரக்கூடிய இராஷ்டிரகூடப் படையைத் தடுப்பதற்காகச் சேனையோடு இந்த நாட்டில்தான் தங்கியிருந்தான். ஊர்க் கோயிலுக்குக் கல்வெட்டில் இராசாதித்தேசுவரம் என்றே ஒரு பெயர் உண்டு. தடுக்க வந்தவன் 949-இல் தக்கோலப் போரில் யானைமேல் இருந்தபடியே மாண்டான்.

ஆனால் ஊரின் புகழுக்குக் காரணம் அவனல்ல. அவனுக்கு முன்பே இங்கே பிறந்து, நரசிங்க முனையரையர் என்ற சிற்றரசரின் அரண்மனையில் வளர்ந்த சுந்தரர்தான். அவர் சரித்திரத்தின் முதல் பகுதிக்குச் சேக்கிழார் வைத்த பெயர் 'தடுத்தாட்கொண்ட புராணம்.' தடுத்தல் ஒன்று, ஆட்கொள்ளல் ஒன்று. இரண்டையும் முடிச்சுப் போட்டு ஒரே சொல்லாக்கிவிட்ட மொழியையா வறுமைப்பட்டது என்று நினைத்தோம்!

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். புத்தூரில் சடங்கவி சிவாசாரியார் மகளுக்கும் சுந்தரருக்கும் கல்யாணம். பந்தலில் எல்லாம் தயார். குடையும் தடியுமாக ஒரு கிழவர் வந்து நிற்கிறார். "உனக்கும் எனக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. அதை முடித்துவிட்டுக் கல்யாணத்தைத் தொடங்கு" என்கிறார். மாப்பிள்ளையும், "வழக்கு என்று ஒன்று இருந்தால் அதை முடிக்காமல் மணம் செய்துகொள்ள மாட்டேன்" என்று சொல்லிவிடுகிறார். ஸ்டே ஆர்டர் என்று இன்று கோர்ட்டில் சொல்கிறோமே, அது இதுதானே? சுந்தரரின் பாட்டனார், தாமும் தம் வழிவந்தோரும் இவருக்கு அடிமை என்று ஓலை எழுதிக் கொடுத்திருக்கிறாராம்! மாப்பிள்ளை அதைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசையவில்லை. வழக்கு அவர் ஊரான திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது.

அங்கே நடப்பது எந்த வக்கீலையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். ஆட்சி, ஆவணம், காட்சி இம்மூன்றில் ஒன்றைக் காட்டு என்கிறது சபை. அதாவது வழக்கம், பத்திரம், சாட்சி. கிழித்தது படியோலைதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் கிழவர். கரணத்தான் அதை வாங்கி வாசிக்கிறான். பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து எடுத்து வந்து கையெழுத்தை ஒத்துப் பார்க்கிறார்கள். ஒத்திருக்கிறது. சுந்தரர் தோற்றார் என்று தீர்ப்பாகிறது.

சுந்தரர் எட்டாம் நூற்றாண்டினர் என்பது பலருடைய கணக்கு. சேக்கிழார் எழுதியது பன்னிரண்டாம் நூற்றாண்டில். ஆகவே இந்த விசாரணையில் நாம் காண்பது சோழர் காலத்து நடைமுறை என்று கொள்ளலாம். அடிமை ஓலையும் வெறும் கற்பனையல்ல. தம்மையும் தம் குடும்பத்தாரையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டவர்களைப் பற்றிச் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பாட்டன் எழுதிய ஓலை பேரனைக் கட்டும் என்பது அன்றைய கேட்போருக்கு உறைத்திருக்கும்.

இங்கிலீஷ் சொற்களின் வேரைப் பிறகு தேடிப் பார்த்தேன். ஹிண்டர் என்றால் பின்னே நிறுத்துவது. இம்பீட் என்றால் காலைக் கட்டுவது. ரிஸ்ட்ரெயின் என்றால் பின்னுக்கு இழுத்து இறுக்குவது. ப்ரிவென்ட் மட்டும் ஆச்சரியமாக இருந்தது. லத்தீனில் அதற்கு 'முன்னே வருதல்' என்று பொருள். 1662-ஆம் வருஷத்து இங்கிலாந்துத் திருச்சபைப் பிரார்த்தனைப் புத்தகத்தில், எங்கள் காரியங்களிலெல்லாம் எங்களை ப்ரிவென்ட் செய்யும் என்று கடவுளையே வேண்டிக்கொள்கிறார்கள்! தடுக்கும்படி அல்ல, அருளோடு எங்களுக்கு முன்னே வாரும் என்று. முன்னே வருபவன் வழிகாட்டியாகவும் இருக்கலாம், வழிமறிப்பவனாகவும் இருக்கலாம். இங்கிலீஷ்காரர்கள் நாளடைவில் முதல் பொருளை மறந்து இரண்டாவதை வைத்துக்கொண்டார்கள். சேக்கிழார் இரண்டையும் விடவில்லை.

நம் தேரோட்டத்திலும் இது உண்டு. முட்டுக்கட்டை போடுகிறான் என்றால் இன்று வசவு. ஆனால் தேர்ச் சக்கரத்தின் கீழே கட்டையைக் கொடுப்பவன் இல்லாவிட்டால் தேர் வீதி முனையில் திரும்புமா? எதிர் வீட்டுத் திண்ணையில்தான் போய் நிற்கும்.

இதையெல்லாம் நினைத்துத் திருப்தியோடு திரும்பியிருக்கலாம். ஆனால் திருநாவலூர்க் கோயில் வாசலில் எனக்கு இன்னொரு நினைவு வந்துவிட்டது. பந்தலில் தடுக்கப்பட்டவர் ஒருவரா, இருவரா?

அந்தப் பெண்ணுக்குச் சேக்கிழார் பெயர்கூடச் சொல்லவில்லை. சடங்கவியின் மகள், அவ்வளவுதான். சுந்தரரையே நினைத்திருந்து சிவலோகம் சேர்ந்தாள் என்று சுருக்கமாக முடித்துவிடுகிறார். இறைவன் தடுத்தது கல்யாணத்தையே என்றாலும் மனம் ஆறும். பின்னால் திருவாரூரில் பரவையாரையும் திருவொற்றியூரில் சங்கிலியாரையும் சுந்தரருக்கு அவரே மணம் முடித்து வைக்கிறாரே! அவர்களுக்குப் பெயர் இருக்கிறது, கதை இருக்கிறது. ஓலையில் பேரன் கட்டுப்பட்டிருந்தான். இவள் எந்த ஓலையிலும் இல்லை. சபையில் யாரும் இவளை விசாரிக்கவும் இல்லை.

கரும்பலகையில் அன்று எழுதிய சொற்களில் எதுவும் இவளுக்குப் பொருந்தவில்லை. தமிழிலும் நான் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆட்கொள்ளப்பட்டவருக்குச் சொல் இருக்கிறது. பக்கத்தில் மாலையோடு நின்றவளுக்கு இல்லை.