திண்மநிலை நொதித்தல்: திருவனந்தபுரமும் தேங்காய்ப் பிண்ணாக்கும்

நீர் தேங்காமல் ஈரம் மட்டும் ஊறிய திடப்பொருளில் நுண்ணுயிரை வளர்த்து நொதி முதலியவற்றைப் பெறும் முறை திண்மநிலை நொதித்தல். ஜோகிச்சி தகமினே கோதுமைத் தவிட்டில் அஸ்பர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சையை வளர்த்து டயஸ்டேஸ் எடுக்கும் முறைக்கு 1894இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் இத்துறைக்கு வலுச்சேர்த்த இடங்களில் திருவனந்தபுரம் பாப்பனம்கோட்டில் உள்ள தேசிய ஆய்வகம் முதன்மையானது. 1975இல் தோன்றிய இந்நிறுவனம் மண்டல ஆராய்ச்சி ஆய்வகமாக இயங்கி, 2007இல் நிஸ்ட் எனப் பெயர் மாறியது.

அசோக் பாண்டேயும் அவருடைய குழுவினரும் இங்கே எடுத்துக்கொண்ட மூலப்பொருள்கள் கேரளத்துக்கு அந்நியமானவை அல்ல: தேங்காய்ப் பிண்ணாக்கு, மரவள்ளித் திப்பி, பலாக்கொட்டை மாவு. மாட்டுக்குப் போகும் பிண்ணாக்கிலிருந்து, மாவுச்சத்தைச் சிதைக்கும் ஆல்ஃபா அமைலேஸ் நொதியை எடுக்க முடியும் என்று 2004இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒன்றும் சேர்க்காத பிண்ணாக்கில் அஸ்பர்ஜில்லஸ் ஒரைசே 24 மணி நேரத்தில், உலர் பிண்ணாக்கு 1 கிராமுக்கு 1,372 அலகு நொதி தந்தது. தொடக்க ஈரம் 68 விழுக்காடு, வெப்பம் 30 பாகை செல்சியஸ், காலம் 72 மணி நேரம் என்று அமைத்தபோது அது 1,827 ஆனது. 0.5 விழுக்காடு மாவுச்சத்து சேர்த்தபோது 1,911. 1 விழுக்காடு பெப்டோன் சேர்த்ததும் 3,388.

இந்த எண்களைவிடக் கவனிக்கத்தக்கது மால்ட்டோஸ் பற்றிய முடிவு. அஸ்பர்ஜில்லஸ் இனங்களில் அமைலேஸ் சுரப்பைத் தூண்டும் சர்க்கரை என்று பெயர்பெற்றது அது. இங்கோ அதுவே சுரப்பைக் குறைத்தது. ஆகவே ஒரு மூலப்பொருளுக்குக் கண்ட உகந்த நிலையை அப்படியே இன்னொன்றுக்கு எடுத்துச் செல்ல முடியாது. ஒவ்வொரு பூஞ்சைக்கும் ஒவ்வொரு பிண்ணாக்குக்கும் தனித்தனியே தேடியாக வேண்டும்.

காரணிகளுள் ஈரமே நுட்பமானது. நீர் குறைந்தால் சத்துகள் கரையா. மிகுந்தால் துகள்களின் இடைவெளி நிரம்பி, பூஞ்சை இழைகளுக்கு ஆக்சிஜன் எட்டாது. துகளின் அளவும் இதே கணக்கில் வருகிறது: பொடியாக அரைத்தால் பற்றிவளர மேற்பரப்பு கூடும், ஆனால் காற்று புகும் வழி அடைபடும். இவை ஒன்றையொன்று பாதிப்பதால், ஒரு காரணியை மட்டும் மாற்றிப் பார்க்கும் பழைய வழக்கம் போதாது. 1946இல் வந்த பிளாக்கெட்–பர்மன் வடிவமைப்பால் முக்கியமான காரணிகளைச் சலித்தெடுத்து, 1960இன் பாக்ஸ்–பென்கன் வடிவமைப்பால் அவற்றின் கூட்டுவிளைவை அளப்பது இப்போது பரவலான நடைமுறை.

குடுவையில் சில கிராம் பிண்ணாக்கில் கிடைத்த வெற்றி ஆலையின் பெருந்தட்டில் தானாக வந்துவிடாது. வளரும் பூஞ்சை வெப்பத்தை வெளிவிடுகிறது. பிண்ணாக்கு வெப்பத்தை எளிதில் கடத்தாது. படுகையின் நடுப்பகுதி சூடேறி, வளர்ச்சியும் நொதியும் கெடும். படுகையை மெல்லியதாகப் பரப்புவதும் ஈரக்காற்றை ஊடே செலுத்துவதும் இதற்கான வழிகள். அடிக்கடி கிளறினாலும் வெப்பம் தணியும்தான். ஆனால் இழைகள் அறுந்துபோகும்.