கப்பல்களைப் பாடாய்ப் படுத்திய கியர்பெட்டி – ஒரு வரலாறு

முன்னுரை

கப்பலின் வரலாறு என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது நீராவி இயந்திரம், டீசல் இயந்திரம், டைட்டானிக், போர்கள் இவைதான். ஆனால் இயந்திரத்துக்கும் புரொப்பெல்லருக்கும் நடுவில் எண்ணெயில் ஊறிக்கொண்டு ஒரு பெட்டி இருக்கிறது. அதுதான் கியர்பெட்டி. அது ஒழுங்காக வேலை செய்யும்வரை யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. பழுதாகிவிட்டால் எவ்வளவு பெரிய கப்பலாக இருந்தாலும் நடுக்கடலில் நிற்க வேண்டியதுதான். அந்தப் பெட்டி ஏன் தேவைப்பட்டது, என்னென்ன தொல்லை கொடுத்தது, அவற்றை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

கியர் எதற்கு?

பழைய நீராவி இயந்திரங்கள் மெதுவாகச் சுற்றுபவை. நிமிடத்திற்கு நூறு சுற்றுக்கும் குறைவாகவே பல இயந்திரங்கள் ஓடின. புரொப்பெல்லருக்கும் அந்த வேகம்தான் பிடிக்கும். எனவே இயந்திரத்தின் தண்டையே நேராகப் புரொப்பெல்லரோடு இணைத்துவிட்டார்கள். கியருக்கு வேலையே இல்லை!

இந்த நிலையை மாற்றியவர் சார்லஸ் பார்சன்ஸ். 1854இல் பிறந்த இவர் 1884இல் நீராவி டர்பைனை உருவாக்கினார். அது நிமிடத்திற்குச் சுமார் 18,000 முறை சுற்றியது. முதலில் மின்சாரம் எடுக்கப் பயன்பட்ட இந்த டர்பைனைக் கப்பலில் வைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அப்படிப் பிறந்ததுதான் 1894இல் கட்டப்பட்ட டர்பீனியா என்ற சிறு கப்பல். நீளம் சுமார் 32 மீட்டர்.

முதல் சோதனைகளில் எதிர்பார்த்த வேகம் வரவில்லை. டர்பைனில் சக்தி இருந்தது, ஆனால் கப்பல் ஓடவில்லை. காரணம் புரொப்பெல்லரில் இருந்தது. அது மிக வேகமாகச் சுற்றியதால் அதன் இறக்கைகளின் மேல் அழுத்தம் குறைந்து நீராவிக் குமிழிகள் உண்டாயின. தண்ணீரைத் தள்ள வேண்டிய புரொப்பெல்லர் குமிழிகளுக்குள் வீணாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பார்சன்ஸ் ஒரு சிறிய நீர்த்தொட்டி செய்து, அதில் மாதிரிப் புரொப்பெல்லரைச் சுழலவிட்டு இந்தக் குமிழிகளைக் கண்ணாலேயே பார்த்தார். பிறகு ஒரு தண்டுக்குப் பதில் மூன்று தண்டுகள், ஒவ்வொன்றிலும் மூன்று என மொத்தம் ஒன்பது புரொப்பெல்லர்கள் வைத்தார். 1897 ஜூன் 26 அன்று விக்டோரியா மகாராணியின் வைரவிழாக் கடற்படை அணிவகுப்பில் டர்பீனியா புகுந்து ஓடியபோது, காவல் படகுகளால் அதைப் பிடிக்க முடியவில்லை. அதன் வேகம் 34 நாட்டைத் தொட்டது.

ஆனால் இது பாதித் தீர்வுதான். டர்பைன் வேகமாகச் சுற்றினால்தான் எரிபொருள் மிச்சமாகும். புரொப்பெல்லர் மெதுவாகச் சுற்றினால்தான் தண்ணீரை நன்றாகத் தள்ளும். இரண்டையும் ஒரே தண்டில் கட்டினால் இரண்டுமே அரைகுறையாகத்தான் வேலை செய்யும். 1906இல் வந்த டிரெட்நாட் போர்க்கப்பலும், அதன்பின் வந்த லூசிடேனியா, மாரிடேனியா பயணக் கப்பல்களும் இந்தச் சமரசத்தோடுதான் ஓடின. மெதுவாகச் செல்லும் சாதாரணச் சரக்குக் கப்பலுக்கோ இது கட்டுப்படியாகவே இல்லை.

பழைய கப்பலில் ஒரு சோதனை

பார்சன்ஸ் இதற்காக வெஸ்பாசியன் என்ற பழைய சரக்குக் கப்பலை வாங்கினார். அது 1887இல் கட்டப்பட்டது. அவர் செய்த முறையைக் கவனியுங்கள். வாங்கியவுடன் பழைய இயந்திரத்தைக் கழற்றிப் போடவில்லை. அதை முதலில் நன்றாகப் பழுதுபார்த்து, கடலில் ஓட்டி, எவ்வளவு நிலக்கரி ஆகிறது என்று அளந்தார். அதன்பிறகே அதை எடுத்துவிட்டு டர்பைனையும் கியரையும் வைத்தார். கொதிகலனும் புரொப்பெல்லரும் பழையவையே. டர்பைன் ஏறத்தாழ 20 முறை சுற்றினால் புரொப்பெல்லர் ஒரு முறை சுற்றும். 1910 வாக்கில் முடிந்த இந்தச் சோதனையில் நிலக்கரிச் செலவு சுமார் 15 சதவீதம் குறைந்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றியதால், மிச்சம் எதனால் வந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

1913இல் நீரில் இறக்கப்பட்ட லியோனிடாஸ், லூசிஃபர் என்ற பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல்கள் முழுக்க முழுக்கக் கியர் டர்பைனில் ஓடின.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

கியர் வந்ததும் புதிய தொல்லையும் கூடவே வந்தது. அதுதான் சத்தம். பற்கள் ஒன்றோடொன்று சேரும்போது ஊளையிடுவது போன்ற ஒலி எழுந்தது. அது காதுக்கு மட்டும் தொல்லை அல்ல. பற்கள் சீராகச் சேரவில்லை, ஒவ்வொரு சுற்றிலும் சில பற்கள் கூடுதல் அடி வாங்குகின்றன என்பதற்கு அடையாளம்.

கப்பலின் கியரைத் திறந்து பார்த்தால் காரணம் முழுதாகத் தெரியாது. காரணம் பட்டறையில் இருந்தது! பற்களை வெட்டும் இயந்திரத்தின் மேசையைச் சுழற்றுவது ஒரு பெரிய சக்கரம். அந்தச் சக்கரத்தின் பற்களில் இருந்த நுண்ணிய பிழை, வெட்டப்படும் கியரிலும் அதே இடத்தில் வரிசையாகப் பதிந்துவிடும். தாயின் குறை பிள்ளைக்கு வந்ததுபோல.

பிழையே இல்லாத சக்கரம் செய்வது இயலாத காரியம். எனவே பார்சன்ஸ் வேறு வழி கண்டார். மேசை அந்தச் சக்கரத்தைவிடச் சற்றே கூடுதல் வேகத்தில் நகரும்படி செய்தார். இதனால் பிழை ஒரே பல்லில் குவியாமல், கியரைச் சுற்றிச் சுருளாகப் பரவியது. பிழை போகவில்லை, ஆனால் எந்தப் பல்லையும் தனியாகத் தாக்கும் அளவுக்கு இல்லை. சத்தமும் வெகுவாக அடங்கியது.

போரைப் பாதித்த பற்றாக்குறை

இவ்வளவு துல்லியமாகப் பல் வெட்டும் இயந்திரங்கள் உலகில் மிகக் குறைவு. இரண்டாம் உலகப்போரில் இது பெரிய சிக்கலானது. அமெரிக்கா கட்டிய கியர்கள் போர்க்கப்பல்களுக்கே முதலில் தேவைப்பட்டன. எனவே 2,710 லிபர்ட்டி சரக்குக் கப்பல்களுக்கும் கியர் வேண்டாத பழைய வகை நீராவி இயந்திரமே வைக்கப்பட்டது. சக்தி 2,500 குதிரைத்திறன், வேகம் சுமார் 11 நாட். நீர்மூழ்கிகள் திரிந்த கடலில் அந்த மெதுவான வேகத்தில்தான் மாலுமிகள் போக வேண்டியிருந்தது. டி2 எண்ணெய்க் கப்பல்களில் பெரும்பாலானவற்றில் டர்பைன் மின்சாரம் எடுக்க, மின்மோட்டார் புரொப்பெல்லரைச் சுழற்றியது. இதுவும் கியரைத் தவிர்க்கும் வழிதான். 1944 முதல் வந்த விக்டரி கப்பல்களுக்குத்தான் கியர் டர்பைன் கிடைத்தது. அவை 15 முதல் 17 நாட் வேகத்தில் ஓடின.

சிறு படகுகளில்

1909இல் ஓலே எவின்ரூட் விற்பனைக்குக் கொண்டுவந்த வெளிப்பொருத்து மோட்டாரில் முன், பின் என்று மாற்ற கியர் கிடையாது. 1940களின் இறுதியில்தான் முன், நடுநிலை, பின் என்று மூன்றும் கொண்ட மோட்டார்கள் பரவலாயின. இவற்றின் அடிப்பெட்டியில் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு பற்சக்கரங்கள் உண்டு. நடுவில் உள்ள கிளட்ச் எந்தப் பக்கம் போய்க் கவ்வுகிறதோ அந்தத் திசையில் புரொப்பெல்லர் சுற்றும்.

இதில் வரும் பழுதுகளும் சிலவே. எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலும் சீல் தேய்ந்திருக்கும். தண்டில் சுற்றிக்கொண்ட தூண்டில் நரம்புகூட சீலை அறுத்துவிடும். வடிகால் திருகின் காந்தத்தில் மெல்லிய பசைபோல இரும்புத்தூள் இருந்தால் பயமில்லை. துண்டு துண்டாக இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. கியர் தானாக விலகினால் கிளட்சின் முனைகள் மழுங்கியிருக்கலாம். தயங்கித் தயங்கி மெதுவாகக் கியர் போடுபவர்களின் படகில்தான் இது சீக்கிரம் வரும். இன்ஜின் வேகத்தைக் குறைத்துவிட்டுச் சட்டென்று போட வேண்டும்.

இன்றும் தீராத தொல்லை

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கக் கடற்படையின் மில்வாக்கி என்ற கப்பல் 2015 நவம்பர் 21 அன்று பணியில் சேர்ந்தது. மூன்றே வாரத்தில், டிசம்பர் 11 அன்று, கடலில் நின்றுபோய்க் கட்டி இழுத்துவரப்பட்டது. எண்ணெய் வடிகட்டியில் உலோகத் துகள்கள் கிடைத்தன. டீசல் இயந்திரத்தையும் வாயு டர்பைனையும் இணைக்கும் கியர்பெட்டியில் கிளட்ச் விலக வேண்டிய நேரத்தில் விலகவில்லை. 2020இல் அதே வகையைச் சேர்ந்த டெட்ராய்ட், லிட்டில் ராக் கப்பல்களிலும் கியர்பெட்டிக் கோளாறு வந்தது. கிளட்சின் பேரிங் வடிவமைப்பிலேயே குறை என்று தெரிந்து, 2021 ஜனவரியில் இவ்வகைப் புதிய கப்பல்களை வாங்குவதையே கடற்படை நிறுத்தி வைத்தது. இந்த மூன்று கப்பல்களும் 2023இல் ஓய்வுபெற்றுவிட்டன.

முடிவுரை

நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் கியர்பெட்டி தன் குறையைச் சொல்லும் வழிகள் மாறவில்லை. சத்தம், எண்ணெய், உலோகத் துகள் இந்த மூன்றும்தான் அதன் மொழி. பழுது தெரிகிற இடம் ஒன்று, காரணம் இருக்கிற இடம் வேறொன்று என்பதையும் இந்த வரலாறு காட்டுகிறது. டர்பீனியாவில் டர்பைனைக் குறை சொல்லியிருந்தால் குமிழி தெரிந்திருக்காது. சத்தத்துக்குக் கப்பலையே குடைந்திருந்தால் பட்டறைச் சக்கரம் அகப்பட்டிருக்காது. பழுதைத் தேடும் யாருக்கும் உதவும் பாடம் இது.